கணக்கில் லாபம் இருக்கிறது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் இல்லை: எங்கே தவறு?

கேள்வி – நூல்கண்டு

திருப்பூரில் 18 தையல் இயந்திரங்கள் கொண்ட பவர் டேபிள் (கூலிக்குத் தைக்கும் கூடம்) ஒன்றை நானும் என் கணவரும் நான்கு ஆண்டுகளாக நடத்துகிறோம். பனியன் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுக்கிறோம். கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன். கடந்த ஆண்டு 72 லட்சம் ரூபாய்க்கு வேலை நடந்து, 6,40,000 ரூபாய் நிகர லாபம் வந்ததாக அறிக்கை சொல்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலையில் பெயர் எழுதிய சம்பளக் கவர்களை மேசையில் அடுக்கிவிட்டு, உள்ளே வைக்கப் பணமில்லாமல் கைமாற்றுக் கேட்டு அலைகிறேன். ஓராண்டில் அந்தக் கைமாற்று ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அறிக்கையில் நான் கண்டவை: தேய்மானம் 1,80,000, வரவேண்டிய பாக்கி முந்தைய ஆண்டு 9,10,000, இப்போது 14,20,000. இயந்திரக் கடனில் அசலாக 3,60,000 கட்டினோம்; வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 எடுக்கிறோம். இந்த நிலையில் ஒரு கம்பெனி மாதம் 20,000 பீஸ் தருவதாகச் சொல்கிறது. எங்கள் வழக்கமான கூலி 11 ரூபாய், அவர்கள் தருவது 9 ரூபாய், அதுவும் 60 நாள் கழித்து. எடுக்கலாமா? பிளஸ் டூவில் அறிவியல் படித்த நான், இந்தக் கணக்கைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில் – பேரேடு

சகோதரி, உங்கள் ஆடிட்டர் தவறு செய்யவில்லை. லாப நட்டக் கணக்கு நீங்கள் பில் போட்ட நாளைப் பார்க்கிறது. கல்லாவோ பணம் வந்த நாளை மட்டுமே அறியும். நீங்கள் தந்த எண்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். லாபம் 6,40,000, தேய்மானம், அதாவது இயந்திரங்கள் பழசாகி மதிப்புக் குறைவது, கையை விட்டுப் பணம் போகாத செலவு என்பதால் அதைத் திரும்பக் கூட்டினால் 8,20,000. கடனுக்குக் கட்டிய வட்டிதான் செலவுக் கணக்கில் ஏறும், அசல் ஏறாது; ஆகவே 3,60,000 கழியுங்கள். வீட்டுக்கு எடுத்த 4,80,000 ரூபாயும் செலவாக அங்கே தெரியாது, ஏனெனில் அது உங்கள் எடுப்பு, அதாவது உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்கு எடுத்த பணம். இப்போதே 20,000 குறைகிறது. இதற்கு மேல் பாக்கி 5,10,000 ரூபாய் கூடியிருக்கிறது. மொத்தப் பற்றாக்குறை 5,30,000. உங்கள் கைமாற்று இதுதான்.

14,20,000 ரூபாயை 72 லட்சத்தால் வகுத்து 365 ஆல் பெருக்கினால் 72 நாள் வருகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை கூலி கொடுத்துவிட்டு 72 நாள் காத்திருக்கிறீர்கள். இடையில் இருப்பது உங்கள் பணம், அல்லது நீங்கள் வட்டிக்கு வாங்கிய பணம்.

படிப்பதற்குத் தமிழ்நாடு பாடநூலில் 11ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் போதும். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் எல்லாம் தமிழிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்தையும் உங்கள் சொந்தப் பில்களை வைத்தே போட்டுப் பாருங்கள். புத்தகத்து உதாரணங்களைவிட அவை மனதில் நிற்கும். புதிய ஆர்டருக்குப் பதில் சொல்லும் முன், ஒரு பீஸுக்கு நேரடியாக ஆகும் செலவையும், பீஸ் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் ஆகும் செலவையும் தனித்தனியே எழுதித் தாருங்கள்.

நூல்கண்டு

மிக்க நன்றி ஐயா. டெய்லர் கூலி 5.50, செக்கிங்கும் கைமடியும் 1.10, நூல் 0.60, மின்சாரம் 0.40, ஆகப் பீஸுக்கு 7.60. வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 1,32,000.

பதில் – ஓவர்லாக்

நானும் இதே தொழிலில் இருக்கிறேன். 11 ரூபாய்க்குத் தைத்தால் பீஸுக்கு 3.40 மிஞ்சும், ஆகவே மாதம் சுமார் 38,800 பீஸில் உங்கள் நிலையான செலவு தீர்ந்துவிடும். உங்கள் விற்பனையைப் பார்த்தால் 54,500 அளவில் தைக்கிறீர்கள். இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தில் 9 ரூபாய்ப் பீஸைத் தைத்தால் பீஸுக்கு 1.40, மாதம் 28,000 ரூபாய் மிஞ்சும், நட்டமில்லை. ஆனால் 11 ரூபாய்ப் பீஸை ஒதுக்கிவிட்டு இதைத் தைத்தால் ஒவ்வொன்றிலும் 2 ரூபாய் போகிறது. ஓவர்டைம் கொடுத்துத் தைத்தால் அந்த 1.40 நிற்காது.

இதைவிடப் பெரிய விஷயம் 60 நாள். முதல் பணம் வருவதற்குள் இரண்டு மாதச் செலவாக 3,04,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து இறங்கியிருக்கும். பணம் வராவிட்டாலும் போட்ட பில்லுக்கு ஜிஎஸ்டி வேறு கட்ட வேண்டும். ஆகவே விலையைப் பேசுவதற்கு முன் நாளைப் பேசுங்கள் என்பதே என் கருத்து.

பதில் – பேரேடு

நண்பர் சொன்னதற்குச் சட்டத் துணையும் உண்டு. உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் பணம் தர வேண்டிய கம்பெனிகள் தங்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே அவர்களது கணக்குப் பிரிவு கவனிக்கும்.

நூல்கண்டு

எங்களுக்கு உத்யம் எண் இருக்கிறது. பில்லில் ஒருநாளும் போட்டதில்லை. நேற்றிரவு பாக்கியைக் கம்பெனிவாரியாக, நாள்வாரியாக எழுதினோம். 14,20,000 ரூபாயில் 8,60,000 இரண்டே கம்பெனிகளிடம், 60 நாளுக்கும் மேலாக நிற்கிறது. புதிய கம்பெனியிடம், 15 நாளில் பணம் தந்தால் மட்டும் மாதம் 10,000 பீஸ் வரை 9 ரூபாய்க்குத் தைக்கலாம் என்று என் கணவரே எழுதி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.