கார் ஏசியில ரெண்டு தடவை கேஸ் அடிச்சும் நிக்கல: கண்டன்சர் மாத்தின அனுபவம்

உப்பளக்காத்து:
பத்து வருஷ வண்டி. வீடு தூத்துக்குடியில், உப்பளத்தை ஒட்டின ரோட்டுல. ஏப்ரல்ல ஏசியில வெறும் காத்துதான் வந்தது. ஒரு கடையில கேஸ் அடிச்சு அனுப்பினாங்க. மூணு வாரம் தாங்குச்சு. மறுபடி போனேன், மறுபடியும் கேஸ். எங்கே லீக்னு யாரும் பார்க்கல. அம்மாவை வாரம் ஒருமுறை திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகணும். வாகைக்குளம் தாண்டுறதுக்குள்ள அவங்க முந்தானையால விசிற ஆரம்பிச்சதைப் பார்த்து மனசே ஆறல.

அடுத்துப் போன இடத்துல மெக்கானிக் அண்ணன் பிரஷர் பார்க்கிற கேஜை எடுக்கறதுக்கு முன்னாடி கிரில் வழியா டார்ச் அடிச்சார். "இது பெட்ரோலா தம்பி, ஓட ஓடத் தீர்றதுக்கு? குறைஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கு" என்றார். கண்டன்சர்னா ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு ஏசி கேஸோட சூட்டை வெளியே விடுறது. அதோட கீழ்மூலையில உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதுல புழுதி அப்பிக் கருப்பா இருந்தது. கேஸோட கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்துதான் சுத்தும். கசியிற இடத்துல கேஸ் பறந்துடும், ஆயில் தங்கிடும். மிச்சக் கேஸை மெஷின்ல இழுத்துட்டு நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை தடவினார். அதே மூலையில பொட்டுப் பொட்டா கொப்புளம். உப்புக்காத்துல அலுமினியத் தகடு வெள்ளையா பூத்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. அதுக்கு மேல ஒட்டுப்போட ஒண்ணுமில்ல.

பம்பரைக் கழட்டி, ரெண்டு பைப்பையும் பிரிச்சதும் வாயை உடனே மூடி வச்சார். உள்ளே ஈரம் போகக்கூடாது. ரேடியேட்டர்ல உரசாம இருக்க நடுவுல ஒரு அட்டையைச் செருகித்தான் பழசை மேலே தூக்கினார். புதுசுல அளந்து கொஞ்சம் ஆயில், பைப் இணைப்புக்குப் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டிரையரும் புதுசு. ஓ-ரிங்கை ஆயில்ல தொட்டுத்தான் மாட்டணும், காய்ஞ்சபடி மாட்டினா முறுக்கிக்கும்.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்புல இழுத்து), வால்வை மூடி, அரைமணி நேரம் கேஜ் முள்ளையே பார்த்துட்டு இருந்தோம். அசையல, அப்போ லீக் இல்ல. அதுக்குப் பிறகுதான் பானட் ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் கணக்குக்கு, தராசுல வச்சு ஆர்134ஏ கேஸை ஏத்தினார். முன்னாடி போன கடையில தராசையே நான் பார்க்கல.

போன வாரம் வாகைக்குளம் தாண்டும்போது, "ஏசியைக் கொஞ்சம் குறைப்பா"ன்னாங்க அம்மா.

கோவைவண்டி:
அண்ணா, டிரையர் விஷயத்தை அழுத்திச் சொல்றேன். எனக்குக் கல் பட்டுக் கண்டன்சர் ஓட்டை. புதுசு போட்டப்போ காசு பார்த்துப் பழைய டிரையரையே விட்டுட்டேன். இருபது நிமிஷம் ஜில்லுன்னு வரும், அப்புறம் நின்னுடும். அணைச்சு வச்சுட்டுப் போட்டா மறுபடி வரும். உள்ளே தங்கின ஈரம், கேஸ் குறுகலா புகுந்து குளிர்ற எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸாகி வழியை அடைச்சிருக்கு. திரும்ப எல்லாத்தையும் பிரிச்சு, டிரையர் மாத்தி, வேக்கம் போட்டு, கேஸ் ஏத்தினேன். செலவு ரெட்டிப்பு.

மதுரையான்:
என் கதை வேற. ஓடும்போது நல்லாக் குளிரும், காளவாசல் சிக்னல்ல நின்னா சூடு. கண்டன்சரையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்காம ஏசியைப் போட்டுட்டு பானட்டைத் திறந்து பார்த்தேன், கண்டன்சருக்குக் காத்து இழுக்கிற முன்ஃபேன் சுத்தவே இல்ல. ஃபேனுக்குக் கரண்ட் விடுற ரிலே போயிருந்தது. கண்டன்சர் இன்னைக்கும் அதேதான்.