பயன்பாட்டு மெய்யியலில் முனைவர் பட்டம்: பணியில் இருந்துகொண்டே செய்ய இயலுமா?

கெடிலக்கரை (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக நோயாளர் ஆலோசகராக இருக்கிறேன். வயது 36. தொலைநிலைக் கல்வியில் மெய்யியல் (தத்துவம்) முதுகலையை 58 விழுக்காட்டுடன் முடித்தேன். முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்திற்குக் காரணம் ஒரு நிகழ்வு.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையாருக்குப் புற்றுநோய் என்று உறுதியான நாளில், அவருடைய மூத்த மகன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய், "அம்மாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். சம்மதப் படிவத்தில் நோயாளியின் கையொப்பத்திற்கென்று விட்டிருந்த கோட்டின்மேல் அவரே கையெழுத்திட்டார். மறுநாள் காலையில் அந்த அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டி கரைஞ்சிடும்ல?" என்றார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு சரியா என்பதைத்தான் நான் ஆராய விரும்புகிறேன். இருநூறு குடும்பங்களிடம் வினாத்தாள் கொடுத்துத் தரவு திரட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்குச் சமூகப்பணித் துறைதான் பொருத்தம், மெய்யியல் துறையில் ஏற்க மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வேலையை விடவும் இயலாது. வழி சொல்லுங்கள்.

தில்லைவாசி (ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியர்):
அம்மா, உங்கள் கேள்வி மெய்யியல் கேள்வியேதான். வினாத்தாள்தான் அதைத் திசை மாற்றிவிடும். இருநூறு குடும்பங்களில் நூற்றெண்பது குடும்பங்கள் நோயை மறைக்கின்றன என்று நீங்கள் கண்டுபிடித்தாலும், மறைப்பது சரி என்றோ தவறு என்றோ அந்த எண்ணிக்கையிலிருந்து ஒருபோதும் பெற முடியாது. அது சமூகவியலுக்கு நல்ல தரவு. உங்கள் ஆய்வேட்டில் அதிகம் போனால் ஓர் இயலின் பாதி.

உங்களுக்குத் தேவையானது கருத்துகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை. 1979இல் பீச்சம், சில்ட்ரெஸ் இருவரும் எழுதிய உயிர்மருத்துவ அறவியல் நூல் தன்னாட்சி (தன் முடிவைத் தானே எடுத்தல்), நன்மை செய்தல், தீங்கிழைக்காமை, நீதி என்று நான்கு கொள்கைகளை முன்வைத்தது. மருத்துவ அறவியல் வகுப்புகளில் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தத் தன்னாட்சி தனி ஒருவருடையது. உங்கள் படிக்கட்டில் நின்ற மகனுக்கு அதில் இடம் எது என்று நீங்கள் கேட்க வேண்டும். பொய் எந்த நிலையிலும் கூடாது, கொலைகாரன் கதவைத் தட்டி நண்பன் எங்கே என்று கேட்டாலும் கூடாது என்று ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1797இல் வாதிட்டார். நம் குறளோ (292) புரைதீர்ந்த நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. நாம் இதை 'நல்லதுக்குப் பொய் சொல்லலாம்' என்று சுருக்கிவிட்டோம். 'புரைதீர்ந்த' என்ற அடைமொழியை யாரும் நின்று கவனிப்பதில்லை. குற்றமற்ற நன்மை என்று யார் தீர்மானிப்பது, மகனா, மருத்துவரா, நோயாளியா? இதற்கே ஓர் இயல் ஒதுக்கலாம். தயவுசெய்து அக்குறளை முதல் பக்கத்தில் அலங்காரமாக அச்சிட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட ஆய்வேடுகளை நிறையவே திருத்தியிருக்கிறேன்.

காலாப்பட்டு ஆய்வாளன்:
நடைமுறையை நான் சொல்கிறேன், அக்கா. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். தொலைநிலையில் மட்டும் செய்ய இயலாது. குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க் (பாட வகுப்புகள்) உண்டு. உங்கள் 58 விழுக்காடு போதும், 55தான் கேட்கிறார்கள். குறைந்தபட்சம் 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2.

தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளும் முறை 2024 ஜூன் முதல் வந்திருக்கிறது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லாதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கு. மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அந்த உதவித்தொகையின் வயது வரம்பை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், பெண்களுக்கான தளர்வைச் சேர்த்தாலும் 35தான். பணியைத் தொடர்வதால் அது உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. இங்கே புதுவைப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மெய்யியல் துறைகள் உள்ளன. அறவியலில் ஈடுபாடுள்ள நெறியாளர் யார், அவரிடம் இடம் காலியா என்பதை முதலில் பாருங்கள், பிறகு விண்ணப்பம்.

உப்பங்கழி:
கொஞ்சம் கசப்பான கருத்து. மெய்யியல் துறை உள்ள கல்லூரிகளே குறைவு. உதவிப் பேராசிரியர் வேலையை நம்பி இதில் இறங்காதீர்கள். ஆனால் உங்களுக்கு வேறொரு பயன் உண்டு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுநெறிகள்படி மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிக் குழுவில் சமூக அறிவியலாளர் அல்லது மெய்யியலாளர், அறவியலாளர் போன்ற ஒருவருக்கு இடம் இருக்கிறது. மேலும், நோயாளிகளிடம் நேர்காணல் எடுப்பதாக இருந்தால் நீங்களே அப்படியொரு குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கும். அதற்கான மாதங்களையும் கணக்கில் சேருங்கள்.

கெடிலக்கரை:
அனைவருக்கும் நன்றி. வினாத்தாளைக் கைவிடுகிறேன். சான்று கேட்டு நிர்வாகத்திற்கு இவ்வாரமே எழுதுகிறேன்.

தில்லைவாசி:
ஒன்று கேட்க விட்டுவிட்டேன் அம்மா. அந்த அம்மையார் "கரைஞ்சிடும்ல" என்று கேட்டது தெரியாமலா, தெரிந்துகொள்ள விரும்பாமலா? அறியாதிருக்கும் உரிமை என்று ஒன்று உண்டல்லவா?

கெடிலக்கரை:
ஐயா, இதை நான் யோசித்ததில்லை. பரிசோதனை முடிவு வந்த கவரை அவர் பிரிக்கவே இல்லை. "நீயே பாத்துக்கப்பா" என்று மகன் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தில்லைவாசி:
அப்படியானால் உங்கள் தலைப்பு மாறுகிறது. மகன் பறித்துக்கொண்ட முடிவு வேறு, தாய் ஒப்படைத்த முடிவு வேறு. ஒப்படைப்பதும் தன்னாட்சியின் ஒரு வடிவமா என்று இரண்டு பக்கத்திற்குள் எழுதுங்கள். நெறியாளரைப் பார்க்கப் போகும்போது கையில் அது இருக்கட்டும்.