1997 சீ-டூ ஜி.டி.எக்ஸ்: முக்கால் துரொட்டிலில இழுவை விட்டுப்போகுது, எங்கே தொடங்குவது?

ஏரிக்கரை97:

வணக்கம். 1997 சீ-டூ ஜி.டி.எக்ஸ் ஜெட் ஸ்கீ (தண்ணி ஸ்கூட்டர்) ஒன்று கைக்கு வந்திருக்கு. ரோட்டாக்ஸ் 787 எஞ்சின், ரெண்டு மிக்குனி கார்புரேட்டர். சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகுது, ஐடிலும் நிதானமா நிக்குது. மெதுவாப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. துரொட்டிலை முக்கால்வாசி அமத்தினால் இழுவை போய் அப்படியே படுக்குது. அந்த நேரம் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் ரெண்டு மூன்று விநாடி பாய்ஞ்சு போகுது, பிறகு பழையபடி.

கம்ப்ரெஷன் ரெண்டு சிலிண்டரிலயும் 150 பி.எஸ்.ஐ. ப்ளக் புது என்.ஜி.கே பி.ஆர்.8.ஈ.எஸ். பெற்றோலும் புதுசு. ஹோஸ் எல்லாம் சாம்பல் நிறம், கம்பெனி போட்டதுதான் போல. கார்புரேட்டருக்குள்ள கிளீனர் ஸ்ப்ரே அடிச்சால் போதுமா? இல்லாட்டி வேகமாப் போகும்போது பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஹை ஸ்பீட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து விடலாமா? கனடாவில சிம்கோ ஏரியில சீசன் தொடங்க முதல் முடிக்கவேணும்.

கறுப்புஹோஸ்:

முதல்ல அதைத் தண்ணியில இறக்கிறதை நிப்பாட்டுங்கோ. சோக் இழுக்க உயிர் வருகுதெண்டால் எஞ்சினுக்குப் பெற்றோல் காணாது. டூ ஸ்ட்ரோக்கில அந்த நிலையில முழு துரொட்டில் குடுத்தால் பிஸ்டன் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, எக்ஸாஸ்ட் பக்கம் உருகி, சிலிண்டரோட இறுகிப் பிடிக்கும். இப்ப இருக்கிற 150 கம்ப்ரெஷன் ஒரு பின்னேரத்திலேயே போயிடும்.

காரணத்தை அனேகமா நீங்களே எழுதிட்டீங்கள்: சாம்பல் ஹோஸ். தொண்ணூறுகளில சீ-டூவில போட்ட டெம்போ ஹோஸ் அது. உள்பக்கம் காலப்போக்கில இளகிப் பச்சை நிறத்தில பிசினாக் கசியும். அந்தப் பிசின் போய்த் தங்கிறது கார்புரேட்டருக்கு உள்ள இருக்கிற சின்ன வலையில. வெளியில கிண்ணத்தோட இருக்கிற ஃபில்டர் பளிச்செண்டு இருந்தாலும் அதை நம்பாதேங்கோ. ஐடிலுக்குக் கொஞ்சப் பெற்றோல் போதும், முக்கால்வாசி அடைபட்ட வலையும் அதைக் குடுக்கும். துரொட்டிலை அமத்தக் கேக்கிற அளவுதான் வராது. ஸ்ப்ரேயைக் கார்புரேட்டரின்ர வாய்க்குள்ள அடிச்சால் அது நேர எஞ்சினுக்குள்ள போகும், அந்த வலையைத் தொடாது.

கார்புரேட்டரை மட்டும் துப்புரவாக்கிப் பழைய ஹோஸை விட்டால் அதே பிசின் திரும்ப வந்து அடைக்கும். ரெண்டையும் ஒண்டாச் செய்யுங்கோ. பெரும்பாலான ஹோஸ் கால் அங்குல உள்விட்டம். வெட்ட முதல் ஒவ்வொண்டையும் அளந்து பாருங்கோ. எத்தனால் தாங்கிற மரைன் வகைக் கறுப்பு ஹோஸ், ஏ1 எண்டு அச்சடிச்சது, 20 அடி வாங்குங்கோ. திருகிற கிளாம்ப் வேண்டாம், மெல்லிய ஹோஸை வட்டமா இறுக்காமல் ஒரு பக்கம் நசுக்கி வெட்டிப்போடும். ஓட்டிக்கர் அல்லது ஃபியூல் இஞ்செக்ஷன் கிளாம்ப் நல்லது. ஒண்டைக் கழட்டி, அதே நீளத்துக்கு வெட்டி, அதே இடத்தில போட்டபிறகு அடுத்தது. எல்லாத்தையும் ஒரேயடியா உருவினால் பெற்றோல் பாதையைத் திருப்பிற செலக்டர் வால்வில எது ரிசர்வ், எது மெயின் எண்டு குழம்பும்.

மிஞ்சிற பெற்றோல் டாங்குக்குத் திரும்பிற ரிட்டர்ன் வாயில உள்ள துளை வேணுமெண்டே சின்னனா வைச்சது. அடைப்பெண்டு நினைச்சுத் துளைச்சுப் பெருப்பிக்காதேங்கோ, பிறகு பெற்றோல் கார்புரேட்டரில நிக்காமல் டாங்குக்கே திரும்பி ஓடும்.

தொடங்க முதல் சீற்றைக் கழட்டி உள்ளைக் காத்தாட விடுங்கோ, பற்றரி நெகட்டிவ்வையும் கழட்டுங்கோ. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில போய்த் தேங்கும்.

டூஸ்ட்ரோக்_சென்னை:

அண்ணன் சொன்னதுதான் சரி. கார்புரேட்டர் பக்கத்தை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கழற்றும்போது சின்ன ஆயில் டியூபும் கையோட வரும். அதுல காற்று ஏறிட்டா ஆயில் பம்பை ப்ளீட் பண்ணி, அதாவது காற்றை வெளியேத்தியே ஆகணும். பம்ப் லிவர்லயும் பாடியிலயும் இருக்கிற குறி ரெண்டும் சேருதான்னு கடைசியில பாருங்க.

வலை கார்புரேட்டரோட பெட்ரோல் பம்ப் பக்க மூடிக்குள்ள இருக்கும். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போதே ஃபோன்ல படம் எடுத்துக்கங்க. மெல்லிசா கண்ணாடி மாதிரி இருக்கிற செக் வால்வு மேல கம்ப்ரஸர் காற்று அடிக்காதீங்க, மடிஞ்சிடும். அப்புறம் பம்ப் எவ்வளவு அடிச்சாலும் பெட்ரோல் ஏறாது. கிளீனரையும் ரப்பர் எல்லாத்தையும் எடுத்த பிறகு வெறும் உலோகத்துல மட்டும் அடிங்க.

இன்னொரு பக்கம் வட்ட மூடி. உள்ள டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), லிவர், ஸ்பிரிங், பெட்ரோலைத் திறந்து மூடுற நீடில். லிவர் நுனி அறையோட தரைமட்டத்துக்குச் சமமா நிக்கணும். மேல நின்னா பெட்ரோல் கூடும், கீழ இறங்கினா குறையும். ஸ்பிரிங்கை இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். நீடில் எந்த அழுத்தத்துல திறக்கும்னு தீர்மானிக்கிறதே அதுதான். நீடில் உக்கார்ற சீட்ல 1.5, 2.0 மாதிரி எண் இருக்கும், புதுசும் அதே எண்ணா இருக்கணும்.

கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கும்போது மிக்குனி ஒரிஜினலே வாங்குங்க. மலிவு கிட்ல நீடில் சரியா உக்காராம கசியறதும், டயஃப்ரம் விறைப்பா இருக்கிறதும்தான் வழக்கமான புகார்.

மாட்டுறதுக்கு முன்னாடி பாப்-ஆஃப் சோதனை, அதாவது நீடில் எந்த அழுத்தத்துல திறக்குதுன்னு பார்க்கிறது. நீடிலை லேசா நனைச்சு, ரிட்டர்ன் வாயை அடைச்சு, மீட்டர் வச்ச கைப்பம்பால பெட்ரோல் வர்ற வாயில அழுத்தம் ஏத்துங்க. திறக்கிற அழுத்தம் மாடலுக்கு மாடல் மாறும், உங்க வருஷ சர்வீஸ் புத்தகத்துல பாருங்க. ரெண்டு கார்புரேட்டரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் திறக்கணும். பிறகு 10 பி.எஸ்.ஐ ஏத்தி ஒரு நிமிஷம் விடுங்க. முள் இறங்கினா நீடில் கசியுது.

ஏரிக்கரை97:

திறந்து பாத்தன். ரெண்டு வலையிலயும் பச்சைப் பிசின் அப்பிக் கிடக்கு. கிட்டும் ஹோஸும் ஓடர் பண்ணியாச்சு. செலக்டர் வால்வின்ர குமிழ் இறுக்கமா இருக்கு, அதையும் மாத்தவேணுமா? ஹை ஸ்பீட் ஸ்க்ரூ பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.

கறுப்புஹோஸ்:

செலக்டரை மாத்துங்கோ. வலையில வந்த அதே பிசின் அதுக்குள்ளயும் இருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. கிண்ண ஃபில்டரின்ர ஓ-ரிங்கையும் மாத்துங்கோ. பம்ப் உறிஞ்சுற பக்கத்தில அது இருக்கிறதால தேய்ஞ்சால் பெற்றோல் வெளியில கசியாது, காற்று உள்ள போகும். வெளியில ஈரமே தெரியாததால கனபேர் இதைத் தவறவிடுகினம். டாங்கிலிருந்து உறிஞ்சுற குழாயின்ர வலையையும் எடுத்துப் பாருங்கோ.

பம்பை இயக்கிறது கிராங்க் கேஸிலிருந்து வாற பல்ஸ் ஹோஸ். அது மெத்தெண்டு போனால் துடிப்பு ஹோஸ் சுவரிலேயே அடங்கிப்போகும், பம்ப் வேகத்தில அடிக்காது. தடிச்ச சுவருள்ளதாப் போடுங்கோ, பழைய நீளத்தைவிடக் கூட்டாதேங்கோ.

ஹை ஸ்பீட் ஸ்க்ரூவை விடுங்கோ. கன 787 எஞ்சினில அது முழுக்க மூடின நிலையிலதான் கம்பெனியிலிருந்து வரும், கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ஜெட் துளையே பெற்றோல் அளவைப் பாத்துக்கொள்ளும். புத்தகத்தில உள்ள நிலையில வைச்சால் போதும். அடைப்பிருக்கேக்க ஸ்க்ரூவைத் திறந்து சமாளிச்சால், அடைப்பு இன்னும் கூடினதும் பிஸ்டன்தான் போகும்.

எல்லாம் பூட்டின பிறகு டாங்க் மூடியை இறுக்கி, வென்ட் ஹோஸ் வழியா 5 பி.எஸ்.ஐ காற்று ஏத்தி 10 நிமிசம் விடுங்கோ. இறங்கினால் சோப்புத் தண்ணி தடவிப் பொருத்து ஒவ்வொண்டாத் தேடுங்கோ. இது முடியாமல் ஸ்டார்ட் பண்ணவேண்டாம். வென்ட்டில உள்ள ஒருவழி வால்வு காற்றை உள்ள மட்டும் விடவேணும். அது அடைபட்டால் டாங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி, கொஞ்சத் தூரம் நல்லா ஓடிப் பிறகு படுக்கும். மூடியைத் தளர்த்த உஸ் எண்டு சத்தம் வந்து திரும்ப ஓடும்.

டூஸ்ட்ரோக்_சென்னை:

முதல் ஓட்டத்துக்கு மட்டும் 5 லிட்டர் பெட்ரோல்ல 100 மி.லி. ஆயில் கலந்து ஊத்துங்க. ப்ளீட் பண்ணும்போது காற்று தங்கியிருந்தாலும் எஞ்சின் வறளாது. ஏ.பி.ஐ-டி.சி தர டூ ஸ்ட்ரோக் ஆயிலா இருக்கட்டும், ஆயில் டாங்க்ல இருக்கிறதும் அதே வகையா இருக்கணும்.

வீட்டுல எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணிக் குழாய் மாட்டி ஓட்டும்போது முதல்ல எஞ்சின், பிறகு தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, பிறகு எஞ்சின். மாத்திச் செஞ்சா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடும்.

ஏரியில சூடேறின பிறகு ஆள் இல்லாத திறந்த இடமா பார்த்து ஒரு நிமிஷம் முழு துரொட்டில் கொடுத்து, துரொட்டிலை விடாமலே லேன்யார்டை (எஞ்சினை அணைக்கிற பாதுகாப்புக் கயிறு) இழுத்து அணைங்க. பின்பக்க ஜெட் பம்ப் தண்ணி தள்ளாதப்போ ஹேண்டில் திரும்பாது, அதனால முன்னாடி நிறைய இடம் வேணும். அங்கேயே ப்ளக் ரெண்டையும் கழற்றிப் பாருங்க. பழுப்பு நிறம்னா சரி. ஒண்ணு பழுப்பு, ஒண்ணு வெள்ளைன்னா வெள்ளை இருக்கிற சிலிண்டரோட கார்புரேட்டர்லயே இன்னும் அடைப்பு இருக்கு. ரெண்டும் வெள்ளைன்னா பம்ப், பல்ஸ் ஹோஸ், செலக்டர் மாதிரி பொதுவான பக்கம் தேடுங்க.