செங்காய்ச் சட்னியும் மரக்கரண்டிக் கோடும்

*குடும்பக் குழு, சனிக்கிழமை*

நான் (காலை 8:10): பெரியம்மா, இரவு அடித்த காற்றில் மரத்திலிருந்து ஒரு கூடை மாங்காய் விழுந்துவிட்டது. காயும் இல்லை, பழமும் இல்லை. வீணாக்க மனம் வரவில்லை. நீங்கள் செய்யும் இனிப்பும் காரமுமான பழச் சட்னியை இன்று நானே செய்து பார்க்கப் போகிறேன். அளவு சொல்லுங்கள்.

பெரியம்மா: செங்காய்தானே? இதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது கண்ணம்மா. முழுக் காய் என்றால் புளிப்பு மிஞ்சும். நன்றாகக் கனிந்தது என்றால் கூழாகிவிடும். கீழே விழுந்த பழம் என்பதால் அடிபட்ட இடம் கன்றியிருக்கும். அதைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடு, கஞ்சத்தனம் பார்க்காதே.

பெரியம்மா: தோலும் கொட்டையும் நீக்கிய துண்டுகள் 1 கிலோ. வெங்காயம் 250 கிராம். சர்க்கரை 400 கிராம். வினிகர் 400 மி.லி. உலர் திராட்சை 100 கிராம், இஞ்சி 30 கிராம், உப்பு 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி (வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டியது). ஒரு துண்டு பட்டை, 6 கிராம்பு, 4 ஏலக்காய் ஆகியவற்றை மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டுவிடு.

சித்தி: அக்கா, நாட்டுச் சர்க்கரை போடலாமா?

பெரியம்மா: போடலாம். நிறம் கருத்து வரும், வாசனையும் கூடும். அளவு அதேதான்.

அண்ணன்: குக்கரில் வைத்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுமே?

பெரியம்மா: குக்கர் நீரை உள்ளேயே பூட்டி வைக்கும். இந்தச் சட்னியில் வேலையே நீர் வற்றுவதுதான். வாய் அகன்ற, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் எடுக்கச் சொல். பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும், சட்னியில் உலோக ருசி ஏறிவிடும்.

பெரியம்மா: இன்னொன்று. வெங்காயத்தை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைய வேகவிட்டு, அதன் பிறகுதான் மாங்காய். எல்லாம் மெத்தென்று ஆன பின் வினிகரும் சர்க்கரையும். முன்னதாகவே ஊற்றினால் வெங்காயம் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும்.

நான் (காலை 10:40): வெங்காயமும் மாங்காயும் வெந்துவிட்டன. பாதி வினிகர் ஊற்றினேன், நெடி கண்ணைக் கரிக்கிறது! வீடு முழுவதும் அதே வாசனை. இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

பெரியம்மா: நிறுத்தாதே. மீதியையும் ஊற்று. சன்னலைத் திறந்து வை.

சித்தி: நான் சொல்கிறேன் கேள். சென்ற வருடம் இதே நெடிக்குப் பயந்து வினிகரைக் குறைத்தேன், உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையையும் குறைத்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். வழித்தெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். முழுவதையும் கொட்டச் சொன்னார். மூன்று பாட்டில்! கொட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தங்கை: பெரியம்மா சொல்வது சரி, அக்கா. உணவுத் தொழில்நுட்ப வகுப்பில் இதைத்தான் படித்தோம். சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு நீர் கிடைப்பது குறையும். அமிலம் இன்னும் முக்கியம். பி.எச். என்பது அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால், பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலுக்குக் காரணமான நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியாது. வினிகர் பாட்டிலில் 5 சதவீத அமிலம் என்று இருக்கிறதா, பாருங்கள்.

நான்: இருக்கிறது. மீதியையும் ஊற்றிவிட்டேன். சர்க்கரை, திராட்சை, மசாலா எல்லாம் போட்டாயிற்று.

பெரியம்மா: இனி மிதமான தீயில் மூடாமல் விடு. அந்த நெடியில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். மீதி காட்டம் பாட்டிலுக்குள் இருந்தே தணியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி அரை மணி நேரம் மட்டும் பாத்திரத்தை விட்டு நகராதே. சர்க்கரை அடியில் பிடித்துவிட்டால் அந்தக் கருகல் வாசனையை எதுவும் மறைக்காது.

நான் (மதியம் 12:25): சத்தம் மாறிவிட்டது பெரியம்மா! இதுவரை சளசளவென்று கொதித்தது, இப்போது பொத், பொத் என்று குமிழ் வெடிக்கிறது. கையில் ஒரு சொட்டு தெறித்துச் சுட்டுவிட்டது. இறக்கிவிடவா?

பெரியம்மா: கையைத் தண்ணீரில் காட்டு முதலில். நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டியை எடு. பாத்திரத்தின் அடி தெரிய நடுவில் ஒரு கோடு இழு. என்ன ஆகிறது?

நான்: கோடு விழுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் நீர் கசிந்து வந்து உடனே மூடிக்கொள்கிறது.

பெரியம்மா: ஆகவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி இழு.

நான் (12:41): [புகைப்படம்] இப்போது பாருங்கள். பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரிகிறது. மூன்று எண்ணும் வரை கோடு அப்படியே நின்றது, பிறகுதான் மெல்லச் சேர்ந்தது. நீர் கசியவே இல்லை.

பெரியம்மா: இதுதான் பதம். உடனே அடுப்பை அணை. இன்னும் கெட்டியாகட்டும் என்று நினைக்காதே, ஆறும்போது தானாக இறுகும். பாட்டில்கள் தயாரா?

நான்: தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்னும் சூடாகத்தான் இருக்கின்றன.

பெரியம்மா: நல்லது. சூடான பாட்டிலில் சூடான சட்னி. ஆறிய கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். நிரப்பிய பின் ஒரு குச்சியால் ஓரத்தைக் கிளறிக் காற்றை வெளியேற்று. மூடியின் உள்பக்கம் பூச்சு இருக்க வேண்டும், வெறும் தகரம் என்றால் புளிப்பில் துருப்பிடிக்கும்.

அண்ணன்: இன்று இரவே சாப்பிடலாமா?

பெரியம்மா: ஒரு மாதம் கழித்து. இப்போது வாயில் வைத்தால் வினிகர் தனியாக, காரம் தனியாக, இனிப்பு தனியாக நிற்கும். ஒரு மாதத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். இரண்டு மாதம் பொறுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

நான் (1:20): நான்கு பாட்டில் நிறைந்தது. ஐந்தாவதில் பாதிதான் வந்தது.

பெரியம்மா: நிறையாத பாட்டிலைச் சேமித்து வைக்காதே. ஃப்ரிட்ஜில் வைத்து அதை முதலில் தீர்த்துவிடுங்கள். உன் அண்ணன் பங்கு அதுதான்.

அண்ணன்: நன்றி பெரியம்மா. இப்போதே சமையலறைக்குப் போகிறேன்.

நான்: நான்கிலும் தேதி எழுதி, வெளிச்சம் படாத அலமாரித் தட்டில் வைத்துவிட்டேன். ஒன்று உங்களுக்கு.

பெரியம்மா: மசாலா முடிச்சை எடுத்துவிட்டாய்தானே?

நான்: பாட்டிலில் நிரப்பும் முன்பே எடுத்துவிட்டேன் பெரியம்மா. கரண்டியால் அழுத்திப் பிழிந்த பிறகுதான் எடுத்தேன்.