தூத்துக்குடி பனிமய மாதா கோயில்: 1582ஆ, 1713ஆ?

கரிசல்காட்டான்:
ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது பனிமய மாதா கோயிலுக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். பூசை, வழிபாடு பற்றியெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பழைய கட்டடம் என்றால் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேடினால் ஒருவர் 1582 என்கிறார், இன்னொருவர் 1713 என்கிறார். உடன் வந்த நண்பர் "புனித சவேரியார் கட்டினது" என்று அடித்துச் சொன்னார். எதை நம்ப? அடுத்த தடவை போனால் உள்ளே எதைக் கவனித்துப் பார்க்கணும்? ஊர்க்காரர்கள் சொன்னால் நல்லது.

தோணிமேடு:
தம்பி, வருசத்தை அப்புறம் பார்த்துக்கலாம். ஜூலை 26 கொடியேற்றத்துக்கு வாங்க. கொடி ஏறும்போது பழைய துறைமுகத்தில் நிற்கிற தோணிகளும் இழுவைக் கப்பல்களும் ஒன்றாகச் சங்கு ஊதும். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் கோயிலுக்குள் போங்க.

தண்டல்வீட்டுப் பேத்தி:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாதே.

சவேரியார் கட்டவில்லை. அவர் முத்துக்குளித்துறைக்கு, அதாவது இந்தக் கடற்கரைப் பக்கம், வந்தது 1542இல். சீனக் கரையோரத் தீவில் இறந்தது 1552இல். 1582 என்பது இயேசு சபையார் (கத்தோலிக்கத் துறவிகள்) இங்கே மாதாவுக்குக் கட்டிய கோயிலின் ஆண்டு. இப்போது நீங்கள் நுழைந்த கட்டடம் அது இல்லை. இது 1712இல் தொடங்கி 1713 ஆகஸ்ட் 5இல் அர்ச்சித்துத் திறக்கப்பட்டது. விஜிலியுஸ் மான்சி என்ற இயேசு சபைச் சாமியார் கட்டியது. ஆக இரண்டு வருசமும் சரி, வேறு வேறு கோயிலுக்கு.

நடுவில் என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம். 1600களின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆட்களோடு தகராறு முற்றி, ஊர்ச்சனங்கள் பக்கத்துக் கடலில் இருக்கிற முயல் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள். அப்புறம் திரும்பி வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள், அதாவது புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கச் சாமியார்களை ஊருக்குள் விடவில்லை, கோயிலையும் பறித்துக்கொண்டார்கள். மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, மக்கள் தூக்கிக்கொண்டு இடம் இடமாக வைத்துக் காப்பாற்றினார்கள். கட்டடத்தைத் தூக்க முடியாது, சுரூபத்தைத் தூக்கலாம். அதனால்தான் இந்தக் கோயிலில் சுவரைவிட உள்ளே இருக்கிற சாமான் மூத்தது. நீங்கள் போனால் முதலில் பார்க்க வேண்டியது பீடத்தில் இருக்கிற அந்தச் சுரூபத்தைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1713இல் ஊர் இன்னும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. கத்தோலிக்கர்களை விரட்டியவர்கள் கண்முன்னே இவ்வளவு பெரிய கோயில் எப்படி எழும்பியது? முத்துதான் காரணம் என்று நான் சொல்வேன். கடலில் மூழ்கி முத்தெடுக்கிறவர்கள் பரதவர்கள். அவர்கள் சாதித்தலைவனைப் பகைத்துக்கொண்டால் சிலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடக்காது, டச்சுக் கம்பெனிக்கு வரும்படி இல்லை. மதத்தில் கண்டிப்பு, கணக்கில் நெகிழ்வு! அந்த டச்சுக்காரர் 1750இல் தங்களுக்கென்று கட்டிய திரித்துவ ஆலயமும் இதே ஊரில் இருக்கிறது. இதையும் அதையும் ஒரே நாளில் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அங்கே சுரூபம் கிடையாது.

என் தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் பாய் விரிக்கிறதுக்கு முந்தின நாள் கோயிலுக்கு வந்து, பீடத்துப் பக்கம்கூடப் போகாமல், பின்னால் வாசலோரம் முழங்காலில் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஏன் முன்னால் போகவில்லை என்று கேட்டால், "அவளுக்கு என்னை அங்கிருந்தே தெரியும்" என்பார். எங்கள் ஆட்களுக்கு அவள் 'ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய்'. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் அவள் துறை.

ஏடு புரட்டி:
நல்ல விளக்கம். ஒரு சந்தேகம் மட்டும். அந்தச் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து 'சாந்தா எலேனா' கப்பலில் வந்ததாக எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்ததே 1571இல்தானே? அதற்கு 16 வருசம் முன்னால் அங்கிருந்து மாதா சுரூபம் எப்படி வரும்?

தண்டல்வீட்டுப் பேத்தி:
நியாயமான கேள்வி. எனக்கும் இது உறுத்தியதுண்டு. ஒன்று வருசம் தப்பாக இருக்கணும், இல்லை ஊர் தப்பாக இருக்கணும். இரண்டும் சேர்ந்து நிற்காது. கப்பலில் கிழக்கேயிருந்து வந்தது என்ற நினைவு உண்மையாக இருக்கலாம். ஆண்டு பின்னால் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊரில் போய் இதைச் சொன்னால் எங்கள் சித்தி என்னோடு பேசமாட்டாள், அது வேறு விஷயம்.

தோணிமேடு:
பேசமாட்டாங்க தான்! 1555 ஜூன் 9 என்று தேதியே சொல்வாங்க. சரி, தங்கத்தேரைப் பற்றி ஒன்றும் எழுதலையே நீங்க?

தண்டல்வீட்டுப் பேத்தி:
அதற்குத்தான் வருகிறேன். முதல் தங்கத்தேர் ஓடியது 1806இல். செய்ய வைத்தவர் பரதவர் சாதித்தலைவர் தொன் கபிரியேல் தெக்குருஸ் வாஸ் கோமஸ். தேர் கொடுத்ததால் அவருக்குத் தேர்மாறன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரச் சிற்ப வேலை, மேலே தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு). வருசா வருசம் ஓடாது. விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான். கோயிலுக்குப் பசிலிக்கா என்ற பேராலயத் தகுதி கிடைத்த 1982, கட்டடத்துக்கு 300 வயதான 2013, அப்புறம் 2023 என்று எண்ணிச் சொல்லிவிடலாம். மற்ற வருசங்களில் ஆகஸ்ட் 5 சாயங்காலம் சப்பரப் பவனி.

2013இல் நான் சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மஞ்சள் பளபளப்பு. கிட்டே போனால்தான் கொடியும் பூவும் சம்மனசும் (தேவதூதரும்) தனித்தனியாகத் தெரிகிறது, ரேக்கு மடிப்பில் மரத்தின் உளிக்கோடு தெரிகிறது. தேர் நகரும்போது கட்டை போடுகிறவர்கள் சத்தம்தான் மேளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. திருநெல்வேலி நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு வடம், கட்டை, வியர்வை எதுவும் புதிதாக இருக்காது.

கரிசல்காட்டான்:
ரொம்ப நன்றி அக்கா. ஆகஸ்ட் 5 ஏன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். தூத்துக்குடி வெயிலில் பனி எங்கே வந்தது? இன்னொன்று, என்னைப் போன்றவர்கள் வடம் பிடிக்கலாமா?

தண்டல்வீட்டுப் பேத்தி:
பனி ரோமாபுரியில் பெய்தது தம்பி. அங்கே எஸ்குவிலின் குன்றில், நடுக்கோடையில் ஒரு ஆகஸ்ட் 5 அன்று பனி பெய்து மாதாவுக்குக் கோயில் கட்ட இடம் காட்டியதாகக் கதை. அந்த நாளைத்தான் நாங்களும் கொண்டாடுகிறோம்.

வடம் தாராளமாகப் பிடிக்கலாம், யாரும் சாதி மதம் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த தங்கத்தேர் அறிவிப்பு வருகிறவரைக்கும் பொறுக்கணும். கட்டடம் பார்ப்பதென்றால் திருவிழா நாளில் வராதீர்கள், உள்ளே நிற்க இடம் இருக்காது. சாதாரண நாள் காலைப் பூசை முடிந்ததும் வாருங்கள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை யாராவது பீடத்துப் பக்கம் இருந்தால் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள்.

தோணிமேடு:
அப்படியே வெளியே வந்து மக்ரூன் வாங்காம போயிராதீங்க.