பழைய கார்: கரண்ட் திடீரென்று போய்த் திரும்ப வருகிறது, எங்கே பார்ப்பது?

தென்காசிச் சாரல்:
வணக்கம். 1997 மாடல் சின்ன பெட்ரோல் கார், கார்புரேட்டர் இன்ஜின். அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசில்லை. தொல்லை இரண்டு.

சில நேரம் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், டாஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்துவிடும். கொஞ்சம் பொறுத்துத் திருப்பினால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். இன்னொன்று, வேகத்தடையில் ஏறி இறங்கினால் இன்ஜின் வெட்டுகிறது, சில சமயம் நின்றே போகிறது. போன மாதம் புது பேட்டரி போட்டாச்சு. ஓடும்போது சார்ஜிங் 14.1 வோல்ட் காட்டுகிறது. ஒர்க்ஷாப்பில் போய் நிறுத்தினால் ஒரு கோளாறும் வருவதில்லை. மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? மல்டிமீட்டர் கையில் இருக்கிறது.

நெடுஞ்சாலை:
இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகடிவ் வயரைக் கழற்றிப் பாருங்க சார். வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) நல்லது, நின்றால் அதுதான் கோளாறு.

மலைக்கோட்டை:
தம்பி, அதைச் செய்யாதீங்க. பேட்டரி இல்லாமல் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் திடீரென்று எகிறும். ரெகுலேட்டர், டையோடு, ஸ்டீரியோ எல்லாம் போக வாய்ப்பு உண்டு. 14.1 காட்டும்போது அந்தச் சோதனைக்கு அவசியமே இல்லை.

முதலில் ஒரு விஷயம் சொல்லுங்க. வேகத்தடையில் இன்ஜின் வெட்டும்போது ஹெட்லைட் எரிகிறதா, அதுவும் சேர்ந்து அணைகிறதா? பெரும்பாலான பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வராது. உங்க வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஹெட்லைட் எரிந்தால் அப்படித்தான். அது எரிந்துகொண்டே இருந்து இன்ஜின் மட்டும் வெட்டினால், பேட்டரி, மெயின் ஃபியூஸ் பக்கம் போகவே வேண்டாம். இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயில் பக்கமாகத் தேடலாம்; காயில் என்பது ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம். இரண்டும் சேர்ந்து போனால் தேடும் இடமே வேறு.

இன்னொன்று. ஓடும்போது இன்ஜின் நின்றால் சாவியை லாக் வரைக்கும் திருப்பிவிடாதீங்க, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டர் இருந்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி கிடைக்கும், அப்புறம் கால் பலம்தான். காரணம் தெரிகிற வரைக்கும் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீங்க.

தென்காசிச் சாரல்:
அண்ணே, நேற்று இரவு ஓட்டிப் பார்த்தேன். ஹெட்லைட் எரிகிறது, இன்ஜின் மட்டும்தான் வெட்டுகிறது. ஆனால் அந்த 'டிக்' சமயத்தில் ஹெட்லைட் உட்பட எல்லாமே மங்கிப்போகிறது. பேட்டரி நெகடிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரை மீட்டரில் ஓம்ஸில் (தடை அளவில்) வைத்துப் பார்த்தேன், பூஜ்யம்தான் காட்டியது.

மலைக்கோட்டை:
அப்படியென்றால் இரண்டும் தனித்தனிக் கோளாறு. பழைய வண்டியில் இது சகஜம். ஒரே காரணத்தைத் தேடினால் ஆள் களைத்துப்போவார், கடைசியில் மொத்த வயரிங்கும் மாறும்.

ஓம்ஸ் அளவை நம்பாதீங்க. மீட்டர் உள்ளே அனுப்புவது மிகச் சின்ன கரண்ட். வயரில் நாலு இழை மிச்சம் இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 100 ஆம்பியர், அதற்கு மேலும் போகும். 0.05 ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 5 வோல்ட் தொலைந்துவிடும். அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்கணும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்க. காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த் பண்ணிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஒருத்தரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்க, அதைப் பிடித்திருக்கும் வயர்க் கிளாம்ப்பில் வேண்டாம். இன்னொரு முனையை முதலில் கிளாம்ப்பில், அப்புறம் இன்ஜின் பிளாக்கில், அப்புறம் பாடியில். கிளாம்ப்பில் 0.1 வோல்ட்டுக்குள், பிளாக்கில் 0.3-க்குள் வந்தால் நல்லது. பாசிடிவ் பக்கமும் இதே மாதிரி, கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும்.

என் ஊகம் கிளாம்ப்தான். இன்ஜின் எர்த் மட்டும் கெட்டிருந்தால் செல்ஃப் எடுக்காது, ஆனால் டாஷ்போர்டு விளக்கு பிரகாசமாகவே இருக்கும். ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாகும், கரண்ட் அந்த வழியாகத் திரும்புவதால். உங்களுக்கு எல்லாமே மங்குகிறது; செல்ஃபுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான இடம் அந்தக் கிளாம்ப்தான்.

கொள்ளிடக்கரை:
அண்ணன் சொல்வது சரி. புது பேட்டரியின் கம்பம் மெல்லிசாக இருக்கிறதா பாருங்க. பழைய கிளாம்ப் அகன்று போயிருந்தால் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கையால் அசைத்தாலே தெரியும்.

தென்காசிச் சாரல்:
அளந்தேன். நெகடிவ் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே 4 வோல்ட்டுக்கு மேல்! அங்கிருந்து பிளாக் வரைக்கும் 0.1 தான். கம்பம் மெல்லிசுதான். நடுவில் யாரோ தகரத்துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறார்கள், அது துருப்பிடித்துக் கிடக்கிறது. சரி, இன்ஜின் வெட்டுவதற்கு என்ன பார்க்க?

மலைக்கோட்டை:
தகரத்தை எறிந்துவிட்டு, கம்பத்தின் அளவுக்குச் சரியான புது ஈயக் கிளாம்ப் போடுங்க. கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். இல்லையென்றால் பாசிடிவைத் தொடும் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். கம்பத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்க.

இன்ஜின் வெட்டுக்கு இரண்டு 5 வாட் பல்பு வாங்குங்க. ஒன்றை இக்னிஷன் சுவிட்சிலிருந்து வெளியே வரும் வயரில், இன்னொன்றைக் காயில் பாசிடிவில், தனித்தனி ஃபியூஸ் வைத்து இணையுங்க. இரண்டின் மறுமுனையும் பாடியில். காயிலுக்குப் போகும் வழியில் ரெசிஸ்டர் இருந்தால் அந்தப் பல்பு கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும். பக்கத்தில் உட்காருபவர் பல்பைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்க. வெட்டும்போது இரண்டும் அணைந்தால் சுவிட்ச், அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயர். காயில் பல்பு மட்டும் அணைந்தால் நடுவில் இருக்கிற ஏதோ ஒரு ஜாயின்ட். இரண்டும் எரிந்துகொண்டே இருந்தால் காயிலுக்கு அப்புறம் தேடணும். பிற்பாடு வைத்த திருட்டு அலாரம் உண்டா?

தென்காசிச் சாரல்:
அண்ணே, அதேதான். காயில் பல்பு மட்டும் அணைந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே பழைய அலாரத்துக்காகக் காயில் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. டேப் பசை இளகி, முறுக்கு தளர்ந்திருக்கிறது. கையால் ஆட்டினாலே இன்ஜின் நிற்கிறது. அலாரம் வேலை செய்தே பல வருஷம் ஆகிறது. திரும்ப முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

மலைக்கோட்டை:
வேண்டாம். அலாரத்தை முழுதாக எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் அதே கனத்தில் புது வயர்த் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்குங்க. ஆடாதபடி பக்கத்து வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்க, ஈயம் வைத்த இடத்தின் ஓரத்தில்தான் வயர் ஒடியும். ஹெட்லைட்டில் யாராவது 100/90 வாட் பல்பு மாட்டியிருந்தால் அதையும் 60/55-க்கு மாற்றுங்க. ரிலே (பெரிய கரண்டைச் சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கும் பாகம்) இல்லாத வண்டியில் அந்தச் சுமை முழுக்க ஹெட்லைட் சுவிட்சின் மேல்தான் விழும்.