எபிதீலியத்துக்கு ஒரு சொல்: 'முகப்பிழையம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலின் வெளிப்பரப்பையும் உள்ளுறுப்புகளின் உட்பரப்பையும் மூடி நிற்கும் எபிதீலியத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் இது என் பங்கு. முதலில், ஒரே மாதிரிச் செல்களின் தொகுப்பான 'டிஷ்யூ'வைத் திசு என்பதா இழையம் என்பதா என்ற கேள்வியில் நான் இழையத்தின் பக்கம். தமிழகப் பாடநூல்களில் திசு, இலங்கைப் பாடநூல்களில் இழையம், இரண்டுமே புழக்கத்தில் இருப்பவை. ஆனால் திசு ஆங்கில ஒலிப்பின் வழியாக வந்த சொல். அதற்கும் மூலம் 'நெய்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான். பிஷா என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலார் நுண்ணோக்கியே இல்லாமல் உடலில் 21 வகை நெசவுகளைப் பிரித்துக் காட்டினார். நெசவு என்ற கருத்து இழையிலேயே நமக்குக் கிடைக்கிறபோது ஒலியைக் கடன் வாங்குவானேன்?

சரி, இனி எபிதீலியம். முந்தைய மடல்களில் 'மேல்தோல்', 'புறப்படலம்' என இரண்டு பரிந்துரைகள் வந்தன. மேல்தோல் வேண்டவே வேண்டாம். அது எபிடெர்மிஸுக்கு நிலைத்துவிட்ட சொல். தோலின் மேலடுக்கு எபிதீலியத்தின் ஒரு வகைதானே தவிர, எபிதீலியம் எல்லாமே மேல்தோல் ஆகாது. ஒரு மருத்துவக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தபோது 'இரைப்பையின் மேல்தோல்' என்று இருந்தது. நான் படித்துக் காட்டியபோது கேட்டவர்களில் ஒருவர் அதை வயிற்றின் மேலுள்ள தோல் என்றே எடுத்துக்கொண்டார். நோயாளி கையில் போகிற தாளில் இது சின்னக் குழப்பம் இல்லை.

புறப்படலத்திலும் அதே சிக்கல். இரைப்பையின் உட்சுவர், ரத்தக் குழாயின் உட்பக்கம், சிறுநீரக நுண்குழல் எல்லாவற்றிலும் எபிதீலியம் இருக்கிறது. அங்கெல்லாம் 'புறம்' எங்கே? இலங்கை வழக்கான 'மேலணி' இவற்றைவிட நல்ல சொல், ஆனால் அதிலும் 'மேல்' ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மூலச் சொல்லைப் பெயர்த்துப் பயனில்லை. டச்சு உடற்கூற்றியலார் ரொய்ஷ் அதை உருவாக்கியபோது எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கு முலைக்காம்பு என்று பொருள். ஆகவே பொருளிலிருந்து தொடங்குவோம். செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். ஒரு பக்கம் அடிச்சவ்வு என்ற மெல்லிய படலத்தில் ஊன்றியிருக்கும், எதிர்ப்பக்கம் வெளியையோ ஒரு குழியையோ பார்த்துத் திறந்திருக்கும். பொதுவாக உள்ளே ரத்தக் குழாய் கிடையாது, கீழேயுள்ள, உறுப்புகளைப் பிணைத்துத் தாங்கும் இணைப்பிழையத்திலிருந்து உணவு கசிந்து வரவேண்டும். நகம் பட்டு மேலே மட்டும் உரிந்தால் ரத்தம் வராதது இதனால்தான்.

இந்தத் திறந்த பக்கத்தை முகப்பு என்று சொல்லலாம். அப்படித்தான் 'முகப்பிழையம்' தோன்றியது. தட்டை முகப்பிழையம், கனசதுர முகப்பிழையம், தூண் முகப்பிழையம் என்று கூட்டுச் சொற்கள் இடறாமல் வருகின்றன. எபிதீலியத்தில் எழும் புற்றான கார்சினோமாவை முகப்பிழையப் புற்று என்று சொல்லிவிட்டால், இணைப்பிழையத்தில் எழும் புற்றான சார்க்கோமாவிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பது பெயரிலேயே தெரியும்.

அப்புறம், மூச்சுக்குழாயில் உள்ள வகை. சாயமேற்றிய மெல்லிய இழையச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் ஊதா உட்கருக்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே எனச் சிதறி நிற்கும். மூன்று நான்கு அடுக்கு என்றே கண் சொல்லும். பொறுமையாக ஒவ்வொரு செல்லையும் கீழ்நோக்கித் தொடர்ந்தால் எல்லாமே அடிச்சவ்வைத் தொடுகின்றன. குட்டைச் செல்கள் மேலே எட்டுவதில்லை, அவ்வளவே. இருப்பது ஓரடுக்குதான்! இதற்குப் 'பொய்யடுக்கு' என்பதைவிடப் 'போலியடுக்கு' எனக்குப் பிடிக்கிறது. போலி 'போல'விலிருந்து வந்தது. ஐந்து அஞ்சு ஆவதை இலக்கணம் போலி என்கிறதே, அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. இந்தச் செல்களும் பொய் சொல்லவில்லை, அடுக்கு போல நிற்கின்றன.

மற்ற இழைய வகைகளான தசை, நரம்பு இரண்டிலும் பேச ஒன்றுமில்லை, இருக்கும் சொற்களே போதும்.

என் சொல்லுக்கு எதிராக எனக்கே இரண்டு தடை தெரிகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு போன்ற நாளமில்லாச் சுரப்பிகளின் செல்களும் இந்த வகையில்தான் சேரும், ஆனால் அவற்றுக்குத் திறந்த முகப்பு இல்லை. கருவில் தொண்டைப் பகுதியின் முகப்பிழையத்திலிருந்து பிரிந்து போனவை என்பதால் பிறப்பை வைத்துச் சேர்க்கலாம். சொற்கோவையில் இதை ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மற்றது எழுத்தில். 'முகப்பிழையம்' என்று சேர்த்து எழுதினால் நடுவில் 'பிழை' கண்ணில் படுகிறது. இணைப்பிழையத்திலும் அது உண்டுதான். பழகியவர் இடற மாட்டார், ஆனால் முதல்முறை படிக்கும் பிள்ளை இடறலாம். பள்ளி நூல்களில் 'முகப்பு இழையம்' என்று பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இதைவிடப் பொருந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் முகப்பிழையத்தைக் கைவிட எனக்குத் தயக்கமில்லை, அதில் 'மேல்', 'புறம்' இரண்டும் இல்லாமல் இருந்தால் போதும்.